தள்ளிப் பார்த்து வாங்கிய வண்டி

எங்கள் லேபுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள், "அந்தத் தம்பி இருக்காருங்களா?" இருக்கிறான் என்றால் உள்ளே வந்து உட்காருவார்கள். இல்லை என்றால், "டீ குடிச்சிட்டு வந்துடறோம்" என்று நழுவுவார்கள். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய ரத்தத்துக்கு எந்த மகராசன் டீ குடித்துவிட்டு வருவான்? அவன் வரும்வரை எதிர்ச்சாரியில் நிழலாகப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

அவன் ஊசி குத்தினால் தெரியாது. ஒரு பெரியவர், பஞ்சை வைத்து அழுத்திவிட்ட பிறகு, "குத்துப்பா, எவ்ளோ நேரம் கைய நீட்டிக்கினே இருக்கிறது" என்று அவனையே அதட்டினார். அவன் சிரிக்கக்கூட இல்லை. "முடிஞ்சிதுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுக் குழாயில் பெயர் ஒட்டப் போய்விட்டான்.

எல்லாவற்றிலும் அப்படித்தான். நாற்காலியை இழுக்க மாட்டான், தூக்கித்தான் வைப்பான். கதவைச் சாத்தினால் கடைசி வரை கையை எடுக்காமல் சாத்துவான். அவன் போன் ஒருநாளும் மணியடித்து நான் கேட்டதில்லை. தும்மல் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவான். நான் ரிசப்ஷனில் குனிந்து பில் எழுதிக்கொண்டிருப்பேன், நிமிர்ந்தால் பக்கத்தில் நிற்பான். எத்தனை முறை என் நெஞ்சு நின்று ஓடியிருக்கிறது தெரியுமா? "உன் கழுத்துல ஒரு மணி கட்டி உடணும்டா" என்பேன். "சரிங்கக்கா" என்பான். அதற்கும் அதே குரல்தான்.

நான் அதற்கு நேர்மாறு. விழுப்புரம் கடைத்தெருவில் நின்று நான் பேசினால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும் என்பார் எங்கள் முதலாளி. என் அப்பா காலத்திலேயே நாங்கள் கிராமத்துக் காலனியை விட்டுத் திண்டிவனம் டவுனுக்கு வந்துவிட்டோம். டவுனில் சத்தமாகப் பேசாவிட்டால் தண்ணீர்கூடப் பிடிக்க முடியாது. அவன் மயிலம் பக்கம் ஒரு கிராமத்துக் காலனியிலிருந்து வந்தான். அப்பா கிடையாது, அம்மா மட்டும். எங்கள் ஆள்தான் என்று வந்த வாரமே தெரிந்துகொண்டேன். அதனால் அவனை அதட்ட எனக்குத் தனி உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அவனுக்கு ஒரே ஒரு குறை, பஸ். லேபில் காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்க ஆரம்பிக்க வேண்டும். அவன் ஊர் முதல் பஸ்ஸைப் பிடித்து, கூட்டேரிப்பட்டில் மாறி, விழுப்புரம் வந்து சேரும்போது ஏழரை ஆகிவிடும். சர்க்கரைக்காரர்கள் பசியில் முதலாளியைப் பிய்த்து எடுத்தார்கள். ஒருநாள் முதலாளி அவனைக் கூப்பிட்டு, "நீ நல்ல பையன், எனக்கு உன்ன அனுப்ப மனசில்ல. ஆனா தெனமும் பேஜாரா இருக்கு. இந்த மாசத்துக்குள்ள ஒரு வண்டி வாங்கு. இல்லன்னா நான் வேற ஆளு பாத்துக்கிறேன்" என்றார். அந்த வேலை போனால் அவனுக்கு மறுபடியும் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும். படிக்கிற காலத்தில் லீவுக்கு லீவு அதைத்தான் செய்தானாம்.

"அக்கா, கூட வர்றீங்களா? நீங்க பேசுவீங்க" என்றான்.

பேசுவதற்கு என்னைக் கூப்பிட்டால் விடுவேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். வழி நெடுக நான்தான் பாடம் எடுத்தேன். நூறு சிசி போதும். மைலேஜ் கொடுக்க வேண்டும். பஞ்சர் ஆனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற டியூப்லெஸ் டயர் வேண்டும். எந்த ரோட்டோர மெக்கானிக் கடையிலும் ஸ்பேர் கிடைக்க வேண்டும். அம்மா உட்காரப் புடவை கார்டு இருக்க வேண்டும். ஸ்டைலுக்கு ஆசைப்பட்டுப் பெரிய வண்டி வாங்கினவன் எல்லாம் பெட்ரோல் பங்கில் முழி பிதுங்கி நிற்கிறான். எல்லாவற்றுக்கும் "சரிங்கக்கா" என்றான்.

விழுப்புரம் ஷோரூமில் அவன் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எவ்ளோ வெயிட்டுங்க?"

சேல்ஸ்மேன் சொன்னான். இவன் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, ஏறி உட்காராமல், ஹேண்டிலைப் பிடித்து வண்டியை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தான். அடுத்த வண்டியையும் அப்படியே. அதற்கடுத்ததையும்.

"ஓட்டத் தெரியாதா தம்பி?" என்றான் சேல்ஸ்மேன்.

"தெரியுங்க."

"அப்ப ஒரு ரவுண்டு போய் வாங்களேன். பெட்ரோல் இருக்குது."

"வேணாங்க. தள்ளிப் பாத்துட்டேன்."

எனக்கு மானம் போயிற்று. வெளியே வந்ததும், "மாடு வாங்கறவன்கூடப் பல்லைப் புடிச்சுப் பாப்பான். நீ இன்னாடா தள்ளிப் பாக்கற?" என்று கத்தினேன். பஞ்சரானால் தள்ள வேண்டுமே என்று முன்யோசனையாக இருக்கிறான் போல என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு திண்டிவனம். அங்கேயும் இதே கூத்து. சிவப்பில் அழகான வண்டி ஒன்று இருந்தது, வேண்டாம் என்றான். ஸ்டிக்கர் இல்லாமல் கறுப்பில் இருக்கிறதா என்று கேட்டான். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, சைலன்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதைப்போலக் கேட்டான். ஹார்னை அடித்துப் பார்த்துவிட்டு, "இதைவிடச் சின்னதா மாத்தித் தருவீங்களா?" என்றான். சேல்ஸ்மேன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சத்தம்தானே இவன் பிரச்சனை? பக்கத்திலேயே பேட்டரி வண்டி ஷோரூம் இருந்தது. இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பையன் வண்டியை ஓட்டிக் காட்டினான். காற்று போவது போலப் போயிற்று, ஒரு முனகல் இல்லை. "பாரு, உனக்குன்னே செஞ்சி வச்சிருக்கான். ஒருத்தனுக்கும் காதுல உழாது" என்றேன். அவன் அந்த வண்டியையும் அணைத்துவிட்டுத் தள்ளிப் பார்த்தான். கனம். ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"சத்தம் இல்லக்கா பிரச்சனை" என்றான். "உக்காந்துக்கினு போறதுதான்."

எனக்குச் சுருக்கென்றது. மேம்பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடையில் உட்கார வைத்து, "சொல்லு" என்றேன். அவன் காலனி ஏரி ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரே வழிதான், ஊர்த்தெரு. அதன் காலனிப் பக்க முனையில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் கோயில், கடைசியில் பஸ் நிறுத்தம். ஏரிக்கரை வழி ஒன்று உண்டு, ஆனால் மழை பெய்தால் மாட்டு வண்டிகூடப் புதையும். காலனிப் பையன்கள் வண்டி வைத்திருந்தால் தண்ணீர்த் தொட்டி அருகிலேயே இறங்கி, தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போய், பஸ் நிறுத்தத்தில்தான் ஏறி ஓட்ட வேண்டும்.

"இந்தக் காலத்துலயா?" என்றேன். கேட்டுவிட்டேனே ஒழிய, எனக்குத் தெரியாதா? டவுனுக்கு வந்தவர்களுக்குத் தெரியாததுபோல் பேசுவது ஒரு சௌகரியம்.

"யாரும் வாயத் தெறந்து சொல்றதில்லக்கா. சொல்லவும் வேணாம். போன வருசம் எங்க காலனிப் பையன் ஒருத்தன் உக்காந்துக்கினே போனான். ஹெட்லைட்ட ஒடச்சாங்க, அது போவட்டும். கடலைக் கொல்லையில மல்லாட்டை புடுங்குற நேரத்துல காலனியில ஒருத்தரையும் வேலைக்குக் கூப்பிடல. வெளியூர்லேர்ந்து டெம்போல ஆளு இட்டாந்து புடுங்கினாங்க. எங்க ஜனமே அந்தப் பையன் ஊட்டு முன்னால நின்னு அவங்கம்மாவத் திட்டுச்சு. இப்ப அவன் வண்டிய வித்துட்டுத் திருப்பூர்ல இருக்கான்."

"போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்டா. சட்டம் இருக்குது."

"குடுத்தா வருவாங்க, விசாரிச்சிட்டுப் போவாங்க. மறுநாளு எங்கம்மா யாரு கொல்லையில களை வெட்டும்?"

"உன் சம்பளத்துல உங்கம்மாவ உக்கார வச்சுச் சோறு போடுடா!"

"எங்கம்மாவுக்குப் போடலாம். காலனிக்கே போட முடியுங்களாக்கா?"

பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் கத்திக்கொண்டிருந்தேன். அவன் டம்ளரை மேஜையில் வைத்தான். அதிலும் சத்தம் வரவில்லை. எனக்கு அவன் மேல்தான் கோபம் வந்தது. தெருவைத் திட்ட அங்கே யாரும் இல்லை, எதிரில் அவன்தான் இருந்தான்.

கடைசியில், பார்த்ததிலேயே லேசான, கறுப்பான, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத நூறு சிசி வண்டி ஒன்றை எடுத்தான். டியூப்லெஸ் டயரும் புடவை கார்டும் இருந்தன. என் பாடத்தில் அந்த இரண்டுமாவது தேறின.

வண்டிக்குப் பூஜை போட மயிலம் மலைக்குப் போனோம். நான் என் ஸ்கூட்டரில் பின்னால். அப்போதுதான் அவன் அம்மாவை முதலில் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, வெற்றிலைச் சிவப்பு வாய், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மலையிலிருந்து இறங்கும்போது, "இன்னும் ஜல்தியா போடா, பின்னால வர்ற பொம்பள நம்மள முந்திடப் போவுது" என்று அவன் முதுகில் தட்டினாள். அவன் நிஜமாகவே வேகமாகப் போனான். வளைவில் நீளமாக ஹார்ன் அடித்தான். இவனுக்கு இப்படியும் ஓட்டத் தெரியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு அந்த மலைப்பாதையில் அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் தினமும் ஆறு மணிக்கு முன்பே லேபில் இருந்தான். முதலாளி இனிப்பு வாங்கிக் கொடுத்தார். எல்லாருக்கும் நிம்மதி. விடியற்காலையில் அந்தத் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருகிறான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆடி மாதம் காலனி மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு அவன் அம்மா என்னைக் கூப்பிட்டாள். லேபில் அரை நாள் வேலை முடித்து அவன் முன்னால், நான் பின்னால் போனோம். பஸ் நிறுத்தம் வந்ததும் அவன் வண்டியை நிறுத்தி இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினான். முகம் தெரிய வேண்டுமாம். "நீங்க இறங்க வேணாங்கக்கா, உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான். நான் இறங்குவதாக இருந்தால்தானே? நேராக ஓட்டினேன். வேண்டுமென்றே ஹார்ன் அடித்தேன். கோயில் பக்கத்தில் நின்றிருந்த ஆட்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். ஒருவர் வணக்கம்கூட வைத்தார். தண்ணீர்த் தொட்டி ஓரம் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

அவன் வந்துகொண்டிருந்தான். உச்சி வெயில். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த வயசாளி அவனை நிறுத்தி, "இன்னாடா தம்பி, வெயில்ல இப்பிடித் தள்ளிக்கினு போறியே, தண்ணி வேணுமா?" என்று கேட்டார். நிஜமான பரிவோடுதான் கேட்டார். "வேணாங்க" என்று இவன் நகர்ந்ததும், "தங்கமான புள்ள" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எங்கள் லேபில் எல்லாரும் அவனைச் சொல்வதும் அதையேதான்.

கேப்பைக் கூழை ஊற்றிக்கொண்டே அவன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "உன் கழுத்துல தொங்குற கார்டப் பாத்து ஆஸ்பத்திரி நர்சம்மான்னு நெனச்சிக்கினாங்க. அதான் வழி உட்டாங்க."

"ஏம்மா, உனக்குக் கோவமே வராதா?"

"வந்து?" என்றாள் சிரித்துக்கொண்டே. "ஊத்தட்டுமா இன்னும் கொஞ்சம்?"

அவன் முதுகுப் பக்கம் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஓரமாக நின்று கூழ் குடித்தான். உறிஞ்சுகிற சத்தம் இல்லாமல் கூழ் குடித்த ஒரே மனிதனை நான் அங்கேதான் பார்த்தேன்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு லேப் லீவு. மத்தியானம் எனக்குப் போன் வந்தது. அவன் இல்லை, அவன் பக்கத்து வீட்டுப் பெண். "முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வாம்மா" என்றாள். போனபோது அவன் அம்மா உயிரோடு இல்லை.

அவன் சுவரோரம் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து வீட்டுப் பெண்தான் என்னை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள். அவள் முந்தானை ஒரு பக்கம் கிழிந்து தொங்கிற்று.

"காலையிலயே நெஞ்சுல இன்னாவோ பண்ணுதுன்னு சொல்லிக்கினு இருந்துச்சும்மா. வாயுன்னு இஞ்சி இடிச்சுக் குடுத்தேன். மத்தியானம் வேர்த்து ஊத்தி அப்பிடியே சாஞ்சிடுச்சு. ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். மயிலம் தேருக் கூட்டம், வண்டி வர நேரமாவும்னாங்க. சரி, இவன் வண்டியிலயே போட்டுக்கினு போயிடலாம்னு நடுவுல உக்கார வச்சி நான் பின்னால புடிச்சிக்கினேன். தொட்டிகிட்ட வந்தான் பாரும்மா, இறங்கிட்டான்."

"யாரு நின்னாங்க தெருவுல?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"யாரு இருந்தா? ஊரே தேருக்குப் போயிருக்குது. ஊடெல்லாம் பூட்டிக் கெடக்குது. ஒரு நாயி இல்லம்மா அந்தத் தெருவுல. நான் கத்தறேன், 'ஏறுடா, ஏறி ஓட்டுடா, ஆத்தா கண்ண மூடுதுடா'ன்னு. அவன் காதுலயே உழல. தலையக் குனிஞ்சிக்கினு தள்றான். அவங்கம்மா ஒரு பக்கமா சாயுது. நான் இறங்கி ஓரமா நடந்துக்கினே தாங்கிப் புடிச்சிக்கினு வர்றேன். கோயில்கிட்ட வந்தப்ப வேற எங்கயும் பாக்காம நல்லா ஒதுங்கித் தள்றாம்மா, அங்க ஆளுங்க நிக்கிற மாதிரி. பஸ் ஸ்டாப்பு வந்தப்புறந்தான் ஏறினான். ஏறினவன் பறந்தான். முண்டியம்பாக்கம் வர்ற வரைக்கும் ஒரு எடத்துல பிரேக் போடல."

அவள் அழ ஆரம்பித்தாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பூட்டிய வீடுகளையா? மயிலத்தில் வடம் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களையா? அவர்கள் அன்றைக்கு ஒன்றுமே செய்யவில்லை. அந்தத் தெருவில் அவர்கள் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போய்விட்டிருந்தது.

மாரடைப்பு என்றால் என்ன, ஒவ்வொரு நிமிஷமும் என்ன செய்யும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். லேபில் தினமும் ஈசிஜி எடுக்கிறவன். டாக்டரிடம் போய், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருப்பாங்களா சார்?" என்று கேட்டான். டாக்டர் சின்னப் பையன்தான். இவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாதுப்பா, பெரிய அட்டாக்" என்றார். "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்து மறுபடியும் அதே சுவரோரம் நின்றுகொண்டான்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்தான். வழக்கம்போல ரத்தம் எடுத்தான். வந்தவர்கள் வழக்கம்போல அவனைத்தான் கேட்டார்கள். நான் அவனிடம் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை, அவனும் பேசவில்லை. சில வாரம் கழித்து, பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னான். போவதற்கு இரண்டொரு நாள் முன்பு, காலையில் கூட்டம் ஓய்ந்ததும், என் மேஜைப் பக்கம் வந்து நின்றான்.

"அக்கா, இன்னிக்கு உக்காந்துக்கினே வந்தேன்."

எனக்குப் புரிந்தது. "எங்க? தெருவுலயா?"

"ஆமா. தொட்டிகிட்ட இறங்கல. ஸ்டார்ட் பண்ணி, ஹெல்மெட் போட்டுக்கினு, நடுத்தெருவுலயே வந்தேன். மெதுவாத்தான் வந்தேன். எல்லாரும் பாக்கட்டும்னு."

"யாராவது இருந்தாங்களா?"

"இருந்தாங்க. பால் ஊத்த வந்தவங்க, கோயில்கிட்ட நாலஞ்சு பேரு. அந்தத் தாத்தா கட்டில்ல உக்காந்திருந்தாரு. நிறுத்தி, அம்மா காரியமெல்லாம் நல்லபடியா முடிஞ்சிதான்னு கேட்டாரு. முடிஞ்சிதுங்கன்னேன். சரி, பாத்துப் போன்னாரு."

ஊரை விட்டுப் போகப்போகிறவன் என்று விட்டார்களா, அம்மா செத்த பையன் என்று பாவம் பார்த்தார்களா, எனக்குத் தெரியாது. அவர்கள் மனசு மாறிவிட்டது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். மற்றப் பையன்கள் அன்றைக்கும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள், இன்றைக்கும் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. போகிறபோதாவது நிமிர்ந்து போகிறானே என்று சந்தோஷப்பட்டு, "அப்பிடிப் போடு!" என்று மேஜையில் தட்டிவிட்டேன்.

அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒருத்தராவது தடுத்திருக்கலாங்கக்கா" என்றான். "இறங்குடா கீழன்னு சொல்லி ஒரு அடி அடிச்சிருக்கலாம். அடிச்சிருந்தா, அன்னிக்கு நான் தள்ளினது சரிதான்னு இருந்திருப்பேன்."